மூன்று தலை மலையில் நாலு அடி

ஜூலை 14

இன்றைக்கு இறங்கி வந்த பதினேழு பேரில் ஆறு பேர் புதுசு. நடையிலேயே தெரிந்துவிடும். மூன்று தலை மலையான இந்த த்ரிக்லாவின் உச்சியை முதல் தடவை தொட்டவருக்கு அங்கேயே, பின்பக்கத்தில், கயிற்றால் மூன்று அடி, அது இந்த மலை வழக்கம். ஏற்கெனவே ஏறினவர்தான் அடிக்கலாம்.

"சூப்பு உக்காந்தா, நின்னுக்கிட்டா?" என்று கேட்டேன். ஒரு மருந்துக்கடைக்காரர் முறைத்தார். ஒரு கரண்டி கூடப் போட்டதும் சமாதானமாகிவிட்டார்.

உச்சிக்கு இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். இந்த மலைவிடுதியில் பத்தொன்பது கோடையாகச் சமைக்கிறேன். ஏறியதில்லை. யாரும் கேட்டுவிடக் கூடாதென்று நானே முந்திக்கொண்டு கேலி பண்ணுவேன். சிரிலிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 15

காலை ஆறரைக்கு வயர்லெஸ்ஸில் சிரில். அடிவாரத்தில் சாமான் ரோப்காரை ஓட்டுகிறவர். ஒன்பது கோடையாகக் குரல் மட்டும்தான் பழக்கம். நான் விடுதிக்கு ஏறி இறங்குவது மறுபக்கத்துப் பள்ளத்தாக்கு வழியாக, அதனால் முகம் பார்த்ததில்லை. அவரும் தனி, நானும் தனி.

"சமையல்காரம்மா, மாவு ரெண்டு மூட்டை வருது. நீங்களும் ஒருநாள் இந்தத் தொட்டியில ஏறிக் கீழ வாங்களேன்."

"கம்பி அறுந்தா?"

"அவ்வளவு கனமா?"

இந்தப் பேச்சை நான் ஏன் எடுத்தேன்? என் குரல் மட்டும்தான் ஒல்லி.

ஆகஸ்ட் 2

விடுதிப் பொறுப்பாளர் ஃபெர்தோ சொல்கிறார்: அடுத்த வருஷத்திலிருந்து சாமான் ஹெலிகாப்டரில் வருமாம். செப்டம்பரோடு ரோப்கார் நிற்கிறது. "நல்லதுதானே ஸ்லாவ்கா, முட்டை உடையாது."

முட்டையாம்! அப்போ ஆறரைக்கு நான் யாருகூடப் பேசறது? ஹெலிகாப்டர்காரன்கூடவா?

சூப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 3

சிரிலுக்கும் சேதி போயிருக்கிறது. மாவுக் கணக்கைச் சொல்லி முடித்தார். பிறகு —

"ரோப்கார் நிக்கறதுக்குள்ள நான் மேல வர்றேன். உங்களை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். பதினோரு தடவ ஏறினவன் நான். மூணு அடியும் என் கையாலதான்."

"மெதுவா அடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஃபெர்தோ நிற்கிறார்.

ஆகஸ்ட் 4

சிரிலிடம் வெங்காயம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள், வேண்டும் என்றிருக்கிறேன். மூன்று மூட்டை.

செப்டம்பர் 6

வந்துவிட்டார். நான் நினைத்து வைத்திருந்த ஆளைவிட ஒரு சாண் குட்டை. காது பெரிசு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்பி தாங்கும்" என்றார். கரண்டியை ஓங்கினேன். தூக்கம் வராது போலிருக்கிறது.

செப்டம்பர் 7

எழுதியே ஆக வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். பாறையில் அடித்திருக்கும் இரும்பு முளைகளைப் பிடித்து ஏறினோம். உச்சிக்கு முன்னால் கழுதை முதுகு மாதிரி ஓர் இடம். இரண்டு பக்கமும் வெறும் காற்று. அங்கே சிரில் முளையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன, வேர் விட்டுட்டீங்களா?"

"ஸ்லாவ்கா, நான் ஏறினதே இல்ல."

"என்னது?"

"பதினொண்ணும் பொய். கீழேருந்து அண்ணாந்து பாத்ததோட சரி. உயரம்னாலே எனக்குப் பயம். திரும்பிடலாம்."

எனக்குச் சிரிப்பு. எனக்கு மட்டும் பயம் இல்லையா? நானும் ஒரு முளையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் திரும்பினால்? வெட்கத்தில் இந்த மனுஷன் இனி வயர்லெஸ்ஸைக்கூடத் தொட மாட்டார். அதோடு போச்சு, எல்லாம் போச்சு.

நான் முன்னால் போனேன். "கீழ பாக்காதீங்க. என் பின்பக்கத்தைப் பாருங்க. அதைத் தாண்டி ஒண்ணும் தெரியாது."

முக்கல் மாதிரி ஒரு சிரிப்புக் கேட்டது.

"ஆறரை மணின்னு நினைச்சுக்குங்க. மாவு?"

"ரெண்டு மூட்டை." ஓர் அடி வைத்தார்.

"உருளை?"

"நாலு." இன்னொன்று.

"வெங்காயம்?"

"அடியம்மா, வெங்காயம் வேண்டாம்!"

வந்து சேர்ந்தோம்! உச்சியில் அடையாளத்துக்கு நிறுத்தியிருக்கும் தகரக் கூண்டைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். சிரில் கையில் கயிறு. ஆனால் இரண்டு பேருமே புதுசு, அடிக்க ஆளில்லை. குளிரில் பல் கிட்டிக்க முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் எழுபது வயது அம்மா ஒருத்தி விசிலடித்துக்கொண்டு ஏறி வந்தாள். தபால்காரியாக இருந்தவளாம், முப்பது தடவைக்கு மேல் ஏறியிருக்கிறாளாம்.

"ரெண்டும் புதுசா? குனிங்க, குனிங்க." மூன்று மூன்று போட்டாள். தபால் முத்திரை குத்துகிற கை! "புருஷன் பொண்டாட்டியா?"

நான் "இல்ல" என்றேன். அதே மூச்சில் சிரில், குனிந்தபடியே, "இன்னும் இல்ல" என்றார்.

"அப்படியா சேதி!" என்று ஆளுக்கு இன்னொன்று போட்டாள்.

செப்டம்பர் 8

நின்றுகொண்டு எழுதுகிறேன்.

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். அடிவாரத்தில் சிரில் வீட்டு அடுப்பில் வாத்து வேகிறது. அடுப்பும் இந்த வீட்டுக்காரர் மாதிரிதான், சூடேற நேரம் எடுக்கிறது.

"அலமாரியில பாதி காலி பண்ணி வச்சிருக்கேன்" என்றார் சிரில். என் பெட்டிகளைத் திறந்து காட்டினேன். இரண்டு பெரிசு, ஒன்று சின்னது. மீதிப் பாதியிலிருந்தும் தன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருக்கிறார்.