பழைய சூளைக்கு ஒரு சிபாரிசு

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். டிவியில் அமைச்சருக்குப் பின்னால் நின்றாயே, கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எழுதிய புகை விதிகள் வெளியானதிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை. அக்காவின் வேலைக்கு உலை வைத்துவிட்டோமே என்றுதானே? அதனால்தான் கடிதம். இதையாவது பிரித்துப் படிப்பாய்.

உன் அத்தானுக்கு முட்டிவலி தேவலை. வாய்தான் ஓயவில்லை. விதிகள் பேப்பரில் வந்த அன்று, எங்க மச்சினி போட்டதாக்கும் என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அப்புறம் என்னிடம் வந்து, அதுல என்னதான் போட்டிருக்கு என்று கேட்கிறார்! நாடு மொத்தமும் இவ்வளவுதான் கரியமில வாயு விடலாம் என்று ஒரு வரம்பு, அதை ஆலைகளுக்கு அனுமதிச் சீட்டாகப் பிரித்துத் தருவார்கள், குறைவாக விட்டவன் மிச்சச் சீட்டை விற்கலாம், கூடுதலாக விட்டவன் வாங்கியே தீர வேண்டும் என்று சொன்னேன். அட, கெட்டிக்காரிதான் என்றார். அதைச் சொல்ல இவர் வேண்டுமா!

இப்போது எங்கள் சிமெண்ட் ஆலைச் சமாச்சாரம். போன வருடம், எவன் அதிகம் புகைத்தானோ அவனுக்கு அதிகச் சீட்டு, அதுவும் இலவசம் என்று எங்கள் மேலாளர் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். அவ்வளவுதான், ஓய்ந்து கிடந்த பழைய சூளையைப் பற்றவைத்துவிட்டார். ஆர்டர் கிடையாது, கொட்டிவைக்க இடமும் கிடையாது. சுட்டது முற்றத்தில் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து பாறையாகிப் போனது. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து சூளையை ஓட்டியவள் நான். எதுக்கு சார் இது என்று கேட்டால், இனிமே புகைதாம்மா சரக்கு, சிமெண்ட் சும்மா என்றார். வெந்து தீர்ந்த நிலக்கரியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு உன் விதி வந்தது. பழைய புகைக்கு மதிப்பே இல்லை. ஒரு டன் சிமெண்டுக்கு இவ்வளவு சீட்டு, எல்லா ஆலைக்கும் ஒரே அளவு. கூட இருந்து பார்த்த மாதிரியில்ல எழுதியிருக்காங்க என்று மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் உன்னிடம் மூச்சு விட்டேனா? நாங்கள் என்ன திருட்டுத்தனம் செய்வோம் என்று அங்கே இருந்தபடியே கண்டுபிடித்துவிட்டாயே, ராட்சசி! பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பழைய சூளை டன்னுக்கு அதிக நிலக்கரி தின்னும், இந்தக் கணக்கில் தாங்காது. வருடக் கடைசியில் மூடுகிறார்கள். புதிய சூளைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது, அதில் எனக்கு இடமில்லை. முந்தாநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, என்றும் இல்லாத திருநாளாக நாற்காலி போட்டு டீயும் கொடுத்தார். தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா, பழைய புகையையே ரெண்டு வருஷம் கணக்கா வெச்சுக்கட்டும், உன் வேலையும் போகாது என்றார். எழுதுகிறேன் சார் என்றேன். எழுதிவிட்டேன். அவர் சிபாரிசு அத்தோடு முடிந்தது.

இனி நான் சொல்வதைக் கேள். பயமாகத்தான் இருக்கிறது. பெரிய மகளுக்கு இன்னும் பாதிப் படிப்பு இருக்கிறது, இந்த வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள் என்றும் தெரியவில்லை. இருந்தாலும் அந்த விதியில் நீ கை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எனக்காக நீ ஓர் ஓட்டை போட்டால் அதில் நான் மட்டுமா நுழைவேன்? மேலாளர் சூளையோடு நுழைந்துவிடுவார்.

கடைசியாக அந்தச் சூளையை அணைக்கப் போவது நான்தான். வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வா. அதிகாரியாக வராதே, என் தங்கையாக வந்து பக்கத்தில் நில். பொத்தானை அழுத்தும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

நீ நன்றாக இருப்பாய்.

என்றும் உன்
அக்கா