தேவாரத்துக்கு வந்த மாவு மூட்டை

அன்பு மகள் அப்ரினுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் அத்தா, தங்கச்சி ஷர்மின், என் முட்டிவலி மூன்று பேரும் சுகம். பிரான்சில் நீயும் உன் குளிரும் எப்படி என்று எழுது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன்னுடைய கதை ஒன்றைத் திருடி, ஊர்ப்பேரை மாற்றி, கண்ணால் பார்த்தவள் போல ஒரு விருந்தில் சொன்னேன். அது சுற்றிவந்து ஷர்மின் நிக்காஹ் தலையில் விழப் பார்த்தது. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ வைவது காதில் விழும், காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நான் முட்டிக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது என்னைச் சிரிக்க வைக்க நீ சொன்னாயே, அந்தப் பழைய பிரெஞ்சுக் கதைதான். கிறிஸ்தவர்கள் கறி தொடாத நோன்பு நாளில் மாவு மில்காரன் வறுத்த கோழியைத் திருடித் தின்கிறான், பெண்டாட்டி வரும் சத்தம் கேட்டு கோதுமை மாவுச் சாக்குக்குள் புகுந்துகொள்கிறான், அவள் தெரிந்தே பெருச்சாளி பெருச்சாளி என்று அக்கம்பக்கத்தைக் கூட்டி உலக்கையால் சாத்துகிறாள். உத்தமபாளையத்தில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைத்த விருந்தில், பெண்கள் பந்தியில் அது என் வாய்க்கு வந்துவிட்டது. பிரான்சில் என்று ஆரம்பித்தால் எல்லாரும் பிரியாணிக்கு ஊற்றுகிற தாளிச்சா வாளி எங்கே வருகிறது என்று பார்க்கப் போய்விடுவார்கள், தேவாரத்தில் என்று சொன்னால் எடுத்த கை வாய்க்குப் போகாமல் நிற்கும். எனக்கு அந்த ஊரில் ஒரு ஆளையும் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் தேவாரம் என்றேன். நோன்பு என்றால் ஜமாத்தில் கூப்பிட்டுக் கேட்பார்களே என்று மில்காரருக்குச் சுகர் வரவைத்து, கோழியை அல்வாவாக்கிவிட்டேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குத் தலை கனத்துப்போய், இது என் மகள் படித்த கதை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை பார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு கதைக்குக் கால் முளைத்துவிட்டது. திராட்சைக் கூடையோடு வாசலுக்கு வருகிற சுருளிப்பட்டி மாயக்காள் என்னிடமே வந்து, யக்கா சேதி தெரியுமா, தேவாரத்துல நத்தர்ஷான்னு ஒரு மில்லுக்காரராம், அவுகளை வீட்டம்மாவே சாக்குல போட்டு வெளுத்துப்புட்டாகளாம், எங்க சித்தி மக கண்ணால பார்த்தாளாம் என்றாள். நான் சொன்ன கதையில் பேரே கிடையாது. சிரித்துவிட்டுத் திராட்சையை வாங்கி வைத்தேன். அடுத்த மாதமே ஷர்மினுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நவாஸ், ஏலக்காய்க் கம்பெனியில் வேலை, பார்க்க லட்சணம், போட்டோவைப் பார்த்ததிலிருந்து உன் தங்கச்சி பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடுகிறாள். ஊர் தேவாரம், பையனின் அத்தா பேர் நத்தர்ஷா, தொழில் மாவு மில் என்று உன் அத்தா வாயெல்லாம் பல்லாகச் சொன்னபோது நான் பிசைந்த சோற்றைத் தட்டோடு தள்ளிவைத்துவிட்டேன்.

போன ஞாயிறு நம் கம்பம் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். சமோசாத் தட்டை வைத்துத் திரும்பவில்லை, நத்தர்ஷாவின் தங்கை ஆரம்பித்துவிட்டாள். எங்க அண்ணன் தெருவுல நடந்தா சின்னப்புள்ளைக பெருச்சாளின்னு கூப்புடுதுக, இந்தக் கம்பம் பக்கத்துச் சிறுக்கி எவளோ கிளப்பிவிட்டிருக்கா, அவ யாருன்னு தெரியாம இங்கன சம்பந்தம் பேசவே எனக்கு மனசில்ல என்றாள். உன் அத்தாவுக்குத்தான் ஒன்றும் தெரியாதே, அவ நாக்கு அழுக என்று அவரும் சேர்ந்து சாபம் விட்டார். திரைக்குப் பின்னால் ஷர்மின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அவளுக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த நத்தர்ஷா அண்ணன் தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவே இல்லை. அதைப் பார்க்க முடியாமல், அந்தச் சிறுக்கி நான்தான் என்று சொல்லிவிட்டேன். உன் அத்தா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்ரின், உனக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் பிரான்சில் டீச்சர் என்று சொல்லிப் பேச்சை மாற்றுகிறவள் நான். செத்துப்போன காலத்துக் கதையைப் படிக்க இவ்வளவு தூரம் அனுப்பினேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம். அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாகச் சொன்னேன். எண்ணூறு வருசத்துக்கு முந்திக் கன்றுக்குட்டித் தோலில் எழுதிய கதை இது, பார்த்து எழுதியவன் ஒவ்வொருவனும் தன் பக்கத்து ஊர்ப்பேரைப் போட்டுக்கொண்டான், எங்கள் பெரியவள் அத்தனை பிரதியையும் அருகருகே வைத்து எவன் எதை மாற்றினான் என்று கண்டுபிடிக்கிறவள், கடைசியாக மாற்றிய களவாணி நான்தான் என்றேன். அந்தத் தோல் ஏட்டிலிருந்து நீ எடுத்து அனுப்பிய படத்தை ஷர்மின் போனில் காட்டினாள், சாக்குக்கு வெளியே இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் படம். நத்தர்ஷா அண்ணன் கண்ணாடியை மாட்டி வெகுநேரம் பார்த்தார். ஆத்தாடி, பிரான்சுக்கார மில்லா, அப்ப எனக்கென்ன வந்துச்சு என்று ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். தங்கச்சிக்காரியும் சிரித்துவிட்டாள். உன் லீவைக் கேட்டுத்தான் நிக்காஹ் நாள் குறிப்பதாகப் பேச்சு.

அங்கே நான் தப்பித்துவிட்டேன், உன்னிடம்தான் தப்பிக்க வழி தெரியவில்லை. உன் படிப்பை மறைத்தேன், பிறகு அதையே எடுத்து என்னுடையதாகக் காட்டிக்கொண்டேன். மன்னித்துவிடு ஆத்தா. இனி யார் கேட்டாலும் உன் வேலையை உள்ளபடியே சொல்வேன், அவர்கள் தாளிச்சா வாளியைப் பார்த்தாலும் சரி. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் தெளிந்த கண்ணையும் தரட்டும். நீ எழுதுகிற புத்தகத்தில் மறக்காமல் ஒன்றைச் சேர்த்துக்கொள். கிளம்பும்போது நத்தர்ஷா வீட்டம்மா ஜெய்த்தூன் பீவி என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னது இது. சம்பந்தி, உங்க மக படிக்கிற புத்தகத்துல எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காக, மாவு மட்டும்தான் தப்பு, எங்க வீட்டுல அது கேப்பை மாவு.

இப்படிக்கு,
உன் களவாணி அம்மா
சபுரா பீவி