ஆமென் இல்லாத பாட்டு

தூத்துக்குடி, 1976

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் டென்மார்க் இசையமைப்பாளர் சாகும்போது முடிக்காமல் விட்டுப்போன கடைசிப் பாட்டை, நீங்கள் நகலெழுதி அனுப்பியபடியே கோயிலில் பாடினோம். இரண்டு குரல்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்து, சேராமலே நின்றுவிடுகின்றன. ஆர்மோனியத்தில் என் விரல் அடுத்த கட்டையைத் தேடிக்கொண்டே இருந்தது.

நம் ஆட்களுக்கு ஆமென் சொல்லாமல் பாட்டை விடத் தெரியாதே. நின்ற இடத்தில் எல்லோரும் சேர்ந்து ஆமென் பாடிவிட்டார்கள். "ஏளா, இப்பந்தான் பாட்டு முடிஞ்ச மாதிரி இருக்கு" என்று உங்கள் அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இசையமைப்பாளர் இறந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. அவர் விட்டுப்போன பாட்டுகளையெல்லாம் நகலெழுதி முடித்ததும் கப்பலேறுவேன் என்றே எழுதுகிறீர்கள். முன்பெல்லாம் அவருடைய மகள் காபி போட்டுத் தந்ததைக்கூட எழுதுவீர்கள். இப்போது அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கே குளிர் குறைந்ததா?

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். குழம்பு தீய்ந்துபோகிறது.

அவர் செத்ததால் பாட்டு பாதியில் நின்றது. நீங்கள் உயிரோடுதானே இருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
அன்று ஆமென் பாடாத
உங்கள் மனைவி