கால்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு பச்சை

சப்போரோ
மே 8

அன்புள்ள கென்சுகே,

விவாகரத்துப் படிவம் போன மாதமே கிடைத்தது. கையெழுத்துக்கு உரிய உங்கள் பெயர் முத்திரை வழக்கம்போல நேராக விழுந்திருக்கிறது. என்னுடையதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், வைத்த இடம் நினைவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எழுதுவது வேறு காரியமாக. பூங்காச் சிலைகளைக் கழுவும் குழுவில் நான் இருப்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் என்னைப் பிரிந்து அசஹிகாவாவுக்குக் குடிபோன அந்த வருடமே சேர்ந்துவிட்டேன். பனி உருகியதும் சீட்டுக் குலுக்கி, இரண்டு பேருக்கு ஒரு சிலையாகப் பிரித்துக்கொள்வோம். மூன்று வருடம் தப்பித்தேன். இந்த முறை, நீங்கள் செய்த அந்த வெறுங்கால் வெண்கலப் பெண் எனக்கும் குமகாய் சானுக்கும் விழுந்தாள். அவர் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர்.

தலையிலிருந்து கீழே கழுவிக்கொண்டு வந்தோம். பாதத்தில் மட்டும் பச்சை தடித்துக் கிடந்தது. "ஆறு மாசம் பனியில நின்னவம்மா இவ. காலுக்குப் பாசி புடிக்காம என்ன செய்யும்?" என்று சொல்லி, குழுவில் தொடவே கூடாத முரட்டுப் பிரஷ்ஷை எடுத்துவிட்டார். நானும் தடுக்கவில்லை. அது பாசியல்ல, வெண்கலத்தில் மருந்து வைத்து நீங்கள் ஏற்றிய நிறம் என்பது தேய்த்தபிறகுதான் புரிந்தது.

அடியில் பழுப்பு வெண்கலம் வந்தது. சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. இடது கணுக்காலில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு.

பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டதால் நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன். குமகாய் சான் அவள் காலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "ஏம்மா மயுமி, ரெண்டும் ஒரே பட்டறையில செஞ்சதா?" என்றார்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அடுப்புக் கெட்டில் கவிழ்ந்து என் காலில் பட்ட தழும்பு அது. இந்தப் பெண் யார் என்று நான் கேட்டபோதெல்லாம், யாருமில்லை, வெறும் உடம்பு என்றீர்கள். இருபது வருடம் அதையே நம்பினேன்.

நிறத்தை மறுபடி ஏற்றிக் கொடுக்க வருவீர்களா என்று பூங்கா அலுவலகம் கேட்கச் சொன்னது. அது என் கால்தானா என்று கேட்பது நான்.

மயுமி

அசஹிகாவா
மே 17

மயுமி,

உன் கால்தான்.

முகத்தை வேண்டுமென்றே மாற்றினேன். பாதம் மட்டும் கைக்கு வந்தபடி வந்துவிட்டது. வார்த்து முடித்து நிறுத்திப் பார்த்தபோது எனக்குப் பயமாகப் போய்விட்டது. வீட்டில் உன்னோடு நிமிர்ந்து பேசாதவன் இத்தனை நாளும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஊரே படித்துவிடும் போலிருந்தது. அதனால்தான் கால்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு பச்சை ஏற்றினேன்.

நிறம் ஏற்ற வரமாட்டேன். அது அப்படியே இருக்கட்டும், மெழுகு மட்டும் பூசுங்கள். காற்றும் ஈரமும் பட்டுப் பச்சை தானாக வரும். எத்தனை பனிக்காலம் ஆகுமோ தெரியாது. குமகாய் சானைத் திட்டாதே.

படிவத்துக்கு அவசரமில்லை. முத்திரை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. தோட்டத்து அஸ்பராகஸ் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

கென்சுகே

சப்போரோ
மே 29

அன்புள்ள கென்சுகே,

அஸ்பராகஸ் வாடாமல் வந்தது. உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெண்ணெய் போட்டு, நின்றபடியே தின்று தீர்த்தேன்.

முத்திரை தொலையவில்லை. படிவம் வந்த நாளிலிருந்து மேஜை மேல்தான் இருக்கிறது. நீங்கள் போகும்வரை ஒரே வீட்டில் பதினெட்டு வருடம் உங்களுக்கு யாருமல்லாதவளாக இருந்துவிட்டு, யாருமல்லாதவளாகவே வெளியே போக மனம் வரவில்லை. அதற்காகத்தான் தள்ளிப்போட்டேன். இப்போது நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்த வரியை நம்புகிறேன். அதை வைத்துக்கொண்டு திரும்பி வரச் சொல்லலாம் என்று ஓர் இரவு யோசித்ததும் உண்மை. ஆனால் கழுவிப் பார்த்தால்தான் தெரிகிற அன்போடு இனி என்னால் குடித்தனம் நடத்த முடியாது.

படிவத்தில் இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்துப் போடக் குமகாய் சானைக் கேட்டேன். வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "கால் தேச்சதுக்கு இப்படியா கூலி குடுப்பே?" என்றார். பிறகு போட்டார். என் முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது, செல்லும்தானே?

லைலாக் பூத்துவிட்டது. அலுவலகத்தில் நிறம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பனிக்கு முன்னால் அக்டோபரில் இன்னொரு முறை கழுவுவோம். சீட்டில் யாருக்கு விழுந்தாலும் அவள் கால்களுக்கு மெழுகு நான்தான் பூசுவேன் என்று குழுவில் கேட்டு வாங்கிவிட்டேன்.

மயுமி