பிரிண்டர் வேண்டாம் என்றோம்

இதை யாரிடமும் காட்டிவிடாதே. இறந்துபோனவளிடம் கெஞ்சுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் காட்டிவிடாதே.

உன் கணினி இப்போது என் மேசையில் இருக்கிறது. சூடாகும்போது தூசி கருகும் அதே வாசனை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் உன் அப்பாவும் அண்ணனும் எதிர் அடுக்குமாடி புளோக்கிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஆன்டியால இதப் பாக்க முடியலம்மா. நீயே வெச்சுக்க," என்றார் அப்பா. அண்ணன் என் முகத்தையே பார்த்தார். நேற்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "அதுல ஏதாச்சும் இருந்துச்சா?"

"இன்னும் ஆன் பண்ணலண்ணே."

இன்றுதான் துணிந்தேன்.

பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலை மூலநிரலிலிருந்து நாமே உருவாக்கினோமே, நினைவிருக்கிறதா? எதெல்லாம் வேண்டும் என்று அது நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும். நீ வாசிப்பாய், நான் பதில் சொல்வேன்.

"மவுஸ்?"

"வேணும்."

"பிரிண்டர்?"

"நம்மகிட்ட ஏது பிரிண்டர்? வேணாம்னு போடு லா."

மூன்று முறை கெர்னலைக் கட்டினோம். மூன்றும் கணினி எழும்பும்போது பாதியிலேயே நின்றன. ஒவ்வொரு தடவையும் பழைய கெர்னலில் மறுபடி நுழைந்து, "பழச மட்டும் அழிச்சிடாத, அதான் நம்மளக் காப்பாத்துது," என்பாய்.

நான்காம் முறை உன் கை நெருப்பாய்ச் சுட்டது. "காய்ச்சல்னு தெரிஞ்சா அம்மா சுவிட்ச அடச்சிடுவாங்க. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணினேன். மூன்று மணி நேரம் திரையில் வரிகள் ஓடின. என் தோளில் சாய்ந்து கிடந்தாய். புதிய கெர்னலில் கணினி எழும்பியதும் கைதட்டினாய். அடுத்த இரண்டு நாளும் நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கி என்றார்கள். நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா கேட்டார்: "காய்ச்சல் எப்ப வந்துச்சு? உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது ஆன்டி."

தான் எத்தனையாவது முறை, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பதைக் கெர்னல் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். நாம் கட்டியது நான்கு. இன்று திரையில் ஐந்து என்று வந்தது. தேதி, உன் காரியத்துக்கு முதல் நாள்.

நம் பதில்கள் இருக்கும் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் மாறியிருந்தது. பிரிண்டர், வேண்டும்.

உன் வீட்டில் இதெல்லாம் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். அச்சடிக்கத்தான் மறுபடி கட்டியிருக்கிறார். எதை அச்சடித்தார்? தேடினேன். உன் நாட்குறிப்பு கிடைத்தது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி வைத்திருந்தாய். கடைசி வரி: "இன்னிக்கும் காய்ச்சல். அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல மாட்டா."

அதை அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டேன். விரல் என்டர் மீது இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அச்சடித்த தாள் ஏற்கெனவே உன் வீட்டார் கையில் இருக்கிறது. காரியத்தன்று உன் அம்மா என் இலையில் இரண்டாவது வடையை வைத்து, "நல்லா சாப்புடும்மா," என்றது எல்லாம் தெரிந்துதானா? கணினியை எனக்குக் கொடுத்தது அன்பாலா, நானே படிக்கட்டும் என்றா?

கட்டளையை நீக்கிவிட்டேன். நீ பழசை அழிக்க விட்டதே இல்லை. நாளை பள்ளி விட்டதும் உன் வீட்டுக்குப் போகிறேன். உன் அம்மா கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். ஆன்டி, எனக்கு முதல் நாளே

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவின் குரல். "இன்னும் முழிச்சா இருக்க? உன் கூட்டாளியோட அம்மா வந்திருக்காங்க. கையில ஏதோ தாளு