திங்கட்கிழமைக்கு வைத்த கோப்பு

இல்லை, இன்னும் அழிக்கவில்லை.

பதினோரு கோப்புகள். எல்லாம் கம்ப்யூட்டரில் உன் பெயரில் இருப்பவை. அவற்றின் பட்டியலை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு ஓரமும் துளைபோட்ட தாள். மடியில் கிடக்கிறது. ரிப்பன் மையின் வாசனை போகவில்லை. உன் புடவையிலும் இதே வாசனைதான். சாயங்கால ரயிலில் நீ தூங்கி என் தோளில் சாய்வாய். அரக்கோணம் வரைக்கும் இந்த வாசனை.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி என் மேசைக்கு வந்தார். நீ போய் ஒரு மாதம் ஆகிவிட்டது, உன் பெயரை மெஷினிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட வேண்டும். "உங்க ஃப்ரெண்டுதானேம்மா, நீங்களே பாத்து முடிச்சிடுங்க." நான் தலையாட்டினேன்.

திரையில் பட்டியல் வந்தது. பச்சை எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எழுத்துக்கு இடம். 'வி' போட்டால் பார்க்கலாம். 'ஈ' போட்டால் திருத்தலாம். 'டி' போட்டால் அழிக்கலாம். பதினோரு 'டி'. அரை நிமிட வேலை.

என்னால் முடியவில்லை. அந்த எழுத்தை நான் முன்பே ஒருமுறை போட்டிருக்கிறேன். அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

*

நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வேலை கேட்டுப் பதிவு செய்தவர்களின் பட்டியல்தான் நமக்கு வேலை. ஆளுக்கு ஒரு வரி. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, ஊர், படிப்பு, பதிவு செய்த நாள். எங்காவது ஓர் இடம் காலியானால் பதிவு செய்த நாளின் வரிசைப்படி ஆட்களை அழைப்பார்கள். அந்த வரியில் இல்லாதவனை யாரும் அழைக்கமாட்டார்கள்.

முதல் வாரம் எனக்குப் பயம். எதைத் தொட்டால் எது போய்விடுமோ என்று. எம்.ஏ. படித்தவள், பையில் எப்போதும் ஒரு புத்தகம், மெஷின் முன்னால் மட்டும் கை மடியிலேயே கிடக்கும். நீதான் ரயிலில் சொன்னாய்: "மலை மேல சாமி பாக்கற மாதிரிதாண்டி. 'வி' போட்டா கம்பிக்கு இந்தாண்ட நின்னுகினு பாக்கற. 'ஈ' போட்டா கர்ப்பக்கிரகத்துக்குள்ள போயிட்ட. உள்ள போனவ கைய சும்மா வெச்சிக்கணும்."

எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா நம்மைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயில் விஷயம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பாள். நாம் திருவள்ளூர் வரைக்கும் சிரித்தோம்.

நம் இருவருக்கும் சான்றிதழில் ஒரே பிறந்தநாள். ஜூன் ஒன்று. என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தேதி கேட்டார்களாம். "ஐப்பசி மாசம், மழ பேஞ்சிகினு இருந்திச்சி" என்று அம்மா சொன்னாளாம். ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். உனக்கும் அப்படித்தான். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பள்ளி திறக்கும் நாளில் எல்லோரும் பிறந்தோம்.

இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது. இதை எழுதிவைக்க வேண்டும்.

*

ஆடிக் கிருத்திகை. உன் அக்கா குழந்தைக்கு மலையில் மொட்டை. நீ லீவு.

அந்த வாரம் உன் பங்கு வேலை, ஒரே ஆள் இரண்டு தடவை பதிந்திருந்தால் ஒன்றை நீக்குவது. மெஷின் ஒரே மாதிரி இருக்கும் வரிகளை ஜோடி ஜோடியாகப் பொறுக்கித் தரும். இரண்டையும் பார்க்க வேண்டும். பின்கட்டு அறையில் கட்டுக்கட்டாக இருக்கும் படிவங்களில் அவர்கள் கையால் எழுதிக் கொடுத்ததை எடுத்து ஒப்பிட வேண்டும். பிறகுதான் ஒன்றை நீக்கலாம். நான் செய்கிறேன் என்று நானே சொன்னேன். நீ உன் ரகசியச் சொல்லைக் கொடுத்தாய். யாருக்கும் கொடுக்கக் கூடாதது.

"படி முந்நூத்தி அறுவத்தஞ்சி. மறந்துடுவியா?"

"திருத்தணியில பொறந்துட்டு மலப்படி எண்ணிக்கைய மறப்பனா?"

"பேப்பர் பாக்காம கை வெச்சிடாதடி."

"ஆங், ஆங். போய் மொட்ட அடி."

மதியத்துக்குமேல் ஒரு ஜோடி வந்தது. எஸ். தணிகாசலம். எஸ். தணிகாசலம். பள்ளிப்பட்டு, பள்ளிப்பட்டு. பிறந்த தேதி ஜூன் ஒன்று, வருடமும் ஒன்றே. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. பதிந்த நாளும் ஒன்றே. பள்ளிப்பட்டுக் கட்டில் ஒரு படிவம்தான் இருந்தது. இன்னொன்று இல்லை. இல்லையென்றால் வேறு கட்டுகளில் தேட வேண்டும் என்பது விதி. தேடினால் ரயில் போய்விடும். கிருத்திகைக் கூட்டம். அடுத்த ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது.

ஒரு மனிதன் அவசரத்தில் இரண்டு தடவை பதிந்துவிட்டான் என்று முடிவு செய்தேன். கீழ் வரிக்கு முன்னால் 'டி'.

அழித்த இடத்தில் ஓட்டை விழுவதில்லை. கீழே உள்ள வரி மேலே ஏறிக்கொள்ளும். யாரும் எப்போதும் இல்லாத மாதிரி.

வீட்டுக்கு ஒரு தணிகாசலம் இருக்கும் ஊர்க்காரி நான். ஜூன் ஒன்றில் பிறக்காமலே பிறந்தவள். மதுரையிலிருந்து வந்த ஒருத்தி இதைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று சொல்லலாம்.

*

தை மாதத்தில் அவர் வந்தார். கையில் சட்டையோடு துவைத்துப்போன ஓர் அட்டை. எண் கரைந்திருந்தது. ஒன்றாகப் பதிந்த தன் பெரியப்பா மகனுக்கு அழைப்பு வந்துவிட்டது, தனக்கு வரவில்லை என்றார்.

"அவரு பேரு இன்னா?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"தணிகாசலம் சார்."

"உங்க பேரு?"

"தணிகாசலம் சார். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல மலையில மொட்ட அடிச்சி ஒரே பேரு வெச்சாங்க. அவரு நைனா சுப்பராயன். எங்க நைனா செல்வம்."

"பொறந்த நாளு?"

"ரெண்டு பேருக்கும் ஜூன் ஒண்ணு சார்."

"உங்க ஊர்ல வேற நாள்ல யாரும் பொறக்கவே மாட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேட்க வந்தவர், சிரிக்காமல் எப்படி. பிறகு சொன்னார்: "வர்ற ஜூன் வந்தா முப்பது சார். அதுக்கப்புறம் இந்த வேலைங்களுக்குக் கூப்பிட மாட்டாங்களாம். புதுசா பதிஞ்சா எனக்கு எப்ப சார் வரும்?"

நான் எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் எதுவும் இல்லை.

அவருடைய படிவத்தைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. நகல் எடுத்து வைத்த பழைய டேப்பில் பார்க்கலாம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய டேப்பின்மேலேயே புதிதை எழுதிவிடுகிறோம்; அதுவும் போயிருந்தது. படிவம் இல்லாமல் பழைய தேதியில் சேர்க்க முடியாது என்று அவரை அனுப்பிவிட்டார்கள். மெஷின் ஒன்றை மட்டும் சொன்னது. இந்த ஜோடியில் ஒரு வரியை யார் நீக்கியது என்று. உன் பெயரைச் சொன்னது.

அதிகாரி அறைக்குள் நீ இருந்தது பத்து நிமிடம். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாய்.

"நான்தான்னு சொல்லிட்டேன்."

"ஏண்டி?"

"லீவு நாளுன்னு பாக்கக்கூட இல்ல அவங்க. நான் உனக்கு பாஸ்வேர்ட் குடுத்ததும் தப்புதான். ரெண்டு பேரும் மாட்டறதுக்கு பதிலா ஒருத்தி மாட்னா போதும். எனக்கு ஆர்டர் வந்துடுச்சி, உனக்கு இன்னும் வேல நிரந்தரம் ஆவல."

"நான் போய்ச் சொல்றேன். திங்கக்கெழம சொல்லிடறேன்."

"ஆங். சொல்லு."

நீ அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாய். அதுதான் என்னைக் கொல்கிறது.

உன்னைப் பின்கட்டு அறைக்கு மாற்றினார்கள். படிவங்களை அடுக்கும் வேலை. பட்டியலைத் தொடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். தினமும் ரயிலில் தும்மிக்கொண்டே வந்தாய். எத்தனை திங்கட்கிழமைகள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதினேன். திருத்தித் திருத்தி எழுதினேன். திங்கட்கிழமை அதிகாரி அறைக் கதவு வரை போய், வேறு ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்பினேன். நீ ஒருநாளும் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜன்னலோரம் நீ. வெயில் முகத்தில் விழுந்தது. உன் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன்.

"இன்னாடி கண்ணு இப்டி இருக்குது?"

"தூசிடி." பிறகு ஏதோ நினைத்துச் சிரித்தாய். "திங்கக்கெழம உனக்கு ஒண்ணு காட்றேன்."

திங்கட்கிழமை நீ வரவில்லை. மூன்று வாரம். உன் இடத்தில் யாரோ ஓர் அம்மாள் டிபன் கூடையோடு உட்கார்ந்தாள். கீழ் வரி மேலே ஏறிக்கொண்டது.

உன்னைப் பாடையில் தூக்கிய அன்று உன் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கடை கிரீஸ் அந்த விரல்களில் எப்போதும் இருக்கும். அன்றும் இருந்தது.

"நல்லாத்தானமா வேல செஞ்சிகினு இருந்தா? எதுக்குமா அந்தத் தூசி ரூமுல போட்டாங்க? அவ இன்னா தப்பு பண்ணா?"

"தெரியல நைனா" என்றேன்.

*

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு கோப்பாக 'வி' போட்டுப் பார்த்தேன். கம்பிக்கு இந்தாண்ட நின்று. பழைய பட்டியல்கள், பாதி எழுதிய புரோகிராம், ஏதோ கணக்குப் பயிற்சி. கடைசிக் கோப்பின் பெயர் தணிகா. அதைக் கடைசியாக மாற்றிய தேதி, அந்த மஞ்சள் கண் வெள்ளிக்கிழமை.

மூன்றே வரிகள்.

முதல் வரி, நான் அழித்த அதே வரி. எஸ். தணிகாசலம், பள்ளிப்பட்டு, ஜூன் ஒன்று, பழைய பதிவுத் தேதியோடு.

இரண்டாவது, ஆங்கில எழுத்தில் தமிழ்: தகப்பனார் செல்வம். படிவம் ஆர்.கே.பேட்டைக் கட்டில் தவறிப் போயிருக்கிறது. கட்டு நான்கு, அடியிலிருந்து மூன்றாவது.

மூன்றாவது: திங்கட்கிழமை அவளோடு போய்க் கொடுக்க வேண்டும்.

அந்தத் தூசியில் எத்தனை கட்டு அவிழ்த்தாய்? தும்மிக்கொண்டே. உடம்பில் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தபோது. படிவத்தை நீயே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். உன் பெயரும் கொஞ்சம் தேறியிருக்கும். அவளோடு என்று எழுதினாய். நான் வருவேன் என்று நினைத்தாய்.

திரை மங்கியது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் ஒன்றுக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. உனக்கும் எனக்கும் அவருக்கும் பிறந்தநாள்.

நேற்று முழுக்க இந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போகும். எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இதைச் சொன்னாலும் நீ திரும்ப மாட்டாய். சொல்லாவிட்டால் நான் எங்கே திரும்புவது என்றும் தெரியவில்லை. நல்ல வாக்கியம் எதுவும் வரவில்லை. வராததே நல்லது.

*

இதை ரயிலில் எழுதுகிறேன். ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது. மன்னித்துக்கொள்.

காலையில் பின்கட்டு அறைக்குப் போனேன். கட்டு நான்கு, அடியிலிருந்து மூன்றாவது. இருந்தது. கட்டின் முடிச்சு நீ போடுகிற முடிச்சு. படிவத்தையும் ஒரு தாளையும் அதிகாரியின் மேசையில் வைத்தேன். தாளில் எழுதியது இவ்வளவுதான்: அந்த வரியை அழித்தவள் நான். அவள் அன்று லீவில் இருந்தாள். அவர் இரண்டு முறை படித்தார். என்னை வெளியே உட்காரச் சொன்னார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். முடிவு நாளைக்கு என்றார்கள். படிவம் மட்டும் மதியமே உள்ளே போனது. வரி ஏறிவிட்டது. கிளம்பும்முன் என் மேசைக்குப் போய் 'வி' போட்டுப் பார்த்தேன்.

உன் கோப்புகளில் பத்தை அழித்தேன். பதினோராவதை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். என் பெயர் அங்கே எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. அதனால் அந்த மூன்று வரிகளையும் இந்தத் தாளின் பின்பக்கம் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

அரக்கோணம் தாண்டிவிட்டது. மலை விளக்கு தெரிகிறது.

மீதியை இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. நேராகச் சைக்கிள் கடைக்குப் போனேன். நைனா ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் நிமிரும்வரை காத்திருந்து, சொன்னேன்.