வெறும் வயிறும் பதினான்கு மூட்டையும்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

சர்க்கரைப் பரிசோதனை வீணாகிவிட்டது. பயப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா?

நீ சொன்னபடி முந்தின இரவிலிருந்து வெறும் தண்ணீர்தான் குடித்தேன். காலையில் ஆய்வகத்துக்குப் போகிற வழியில், நம் கடைக் கிடங்கில் பதினான்கு மூட்டை உலர்திராட்சை வந்து இறங்கியிருந்தது. மூட்டைக்கு நாலு பழம் வாயில் போட்டுப் பார்த்தேன். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது.

ரத்தம் எடுக்கிற பெண் கேட்டபோது, ஒன்றும் சாப்பிடவில்லை என்று மனசாரத்தான் சொன்னேன். ஊசியை உருவிப் பஞ்சை வைத்தவள் என் வாயையே பார்த்தாள்.

"பல்லுல என்னங்க ஒட்டியிருக்கு?"

"அது சாப்பாடு இல்லம்மா. சரக்கு பாத்தது."

"அந்த வித்தியாசம் உங்க ரத்தத்துக்குத் தெரியாதுங்களே!"

ரத்தத்தைக் கீழே கொட்டிவிட்டாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றது தண்டம். அப்பாவுக்குக் கால் விரலை எடுத்த அன்றுதான் அவருக்குச் சர்க்கரை என்றே நமக்குத் தெரிந்தது. எனக்கும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இன்னும் நாலு நாள் ஓட்ட வேண்டுமே, அதுதான் எரிச்சல்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் போடு. ஊசி குத்தும்வரை எதையாவது பேசிக்கொண்டே இரு, என்னைத் திட்டினாலும் சரி. உன்னோடு பேசும்போது வேறெதற்கும் வாய் ஒழியாது.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன். மறு பரிசோதனைக்கு முழுப் பணம் கேட்டார்கள், நான் விடவில்லை. கடைசியில் பேசி முடித்தது: பாதிக் கட்டணம், முதல் ஊசி எனக்கு, வாயைத் திறந்து காட்டிய பிறகு.